3412 கையெழுத்துகளும் உதவிப் பொறியாளர் தேர்வும்

"உங்களுக்கென்னப்பா, கோட்டா இருக்கு."

அரசுப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. கல்லூரி விடுதியில் கேட்டிருப்பார்கள், கோச்சிங் சென்டரில் கேட்டிருப்பார்கள், தேர்வு முடிவு வந்த அன்று வாழ்த்துச் சொல்ல வந்தவர் வாயிலிருந்தும் கேட்டிருப்பார்கள். திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இப்படிப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களை நாங்கள் சந்திக்கும்போது, பலர் இதற்குப் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நகர்ந்துவிடுவதைப் பார்க்கிறோம். சிலர், "நான் பொதுப் பிரிவு கட்-ஆஃபுக்கு மேலதான் எடுத்திருக்கேன்" என்று கணக்குக் காட்டப் பார்க்கிறார்கள்.

இரண்டுமே தேவையில்லை. இந்தத் தேர்வுக்கும் நமக்கும் உள்ள உறவு 130 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதைத் தெரிந்துகொண்டால் தலைகுனியவும் வேண்டியதில்லை, கணக்குக் காட்டவும் வேண்டியதில்லை. ஹைட்ராலிக்ஸ், சர்வேயிங் புத்தகங்களுக்கு நடுவே இதையும் ஒருமுறை படித்துவிடுங்கள் தோழர்களே. பொது அறிவுத் தாளுக்கும் உதவும்.

லண்டனுக்குப் போன மனு

1893ஆம் ஆண்டு. அண்ணல் அம்பேத்கர் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. ஐ.சி.எஸ். எனப்பட்ட உயர் அதிகாரிகளுக்கான போட்டித் தேர்வு லண்டனில் மட்டுமே நடந்துகொண்டிருந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையும் அப்படியே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் பறையர் மகாஜன சபையினர் டிசம்பரில் கூடினார்கள். அந்தத் தேர்வை இந்தியாவில் நடத்தக்கூடாது என்று 3412 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

இன்று வாசிக்கும் ஒருவருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். சொந்த ஊரில் தேர்வு வேண்டாம் என்று யாராவது கேட்பார்களா? அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: இங்கே தேர்வு வைத்தால் எழுதப்போவது யார்? தலைமுறை தலைமுறையாகப் படிப்பைத் தன் கைக்குள் வைத்திருந்த சாதிகள். கிராமத்தில் நம்மைக் கிணற்றுப் பக்கம் விடாதவரின் மகனே நாளை கலெக்டராகவும் வருவான். ஊரில் ஒடுக்கும் கைக்கு ஆட்சி அதிகாரமும் சேரும். தேர்வு எல்லோருக்கும் பொது என்று தாளில் எழுதிவிட்டால் அது பொதுவாகிவிடாது.

அந்த மனு சரியான உத்தியா, தவறான உத்தியா என்று விவாதிக்கலாம். வெள்ளையர் ஆட்சி நம்மைக் காப்பாற்றிவிடவும் இல்லை. ஆனால் அதில் இருந்த கேள்வியை எவராலும் இன்றுவரை தள்ளிவிட முடியவில்லை. தேர்வு அறைக்குள் மூன்று மணி நேரம் எல்லோரும் சமம். அந்த அறையின் வாசலுக்கு வந்து சேரும்வரை எல்லோரும் சமமா?

இதில் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி உண்டு. அந்த மனுவை நாடாளுமன்றத்தில் கொண்டுசேர்த்தவர் ஜெனரல் செஸ்னி. இந்தியப் பொதுப்பணித் துறைக்கான பொறியாளர்களை இங்கிலாந்திலேயே உருவாக்குவதற்காக, 1870களின் தொடக்கத்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் ஒரு பொறியியல் கல்லூரியை நிறுவியவர் அவர்தான். நம்மீது இருந்த அக்கறையில் அவர் அந்த மனுவை எடுத்துச் சென்றார் என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டாம். பதவிகள் ஆங்கிலேயர் கையை விட்டுப் போகக்கூடாது என்பது அவருடைய கணக்கு. ஒடுக்குகிறவர் கைக்குப் போகக்கூடாது என்பது நம்முடைய கணக்கு.

பன்னிரண்டில் ஒன்று

சென்னையில் பொறியியல் கல்வி பழையது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. ஏரி, கால்வாய், சாலை, பாலம், ரயில் பாதை என்று வெள்ளையர் ஆட்சி கட்டியவற்றுக்கு மண் சுமந்தவர்களில் நம் முன்னோர் கணிசமானவர்கள். 1875இல் திருச்சி - மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகப் போனபோதும் வரைபடம் ஒருவர் கையில் இருந்தது, மண்வெட்டி இன்னொருவர் கையில் இருந்தது. எந்தச் சாதியின் கையில் எது இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இலும் 1922இலும் வகுப்புவாரி உரிமை ஆணைகள் வந்தன. உண்மையில் நடைமுறைக்கு வந்தது 1928இல், முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது. பன்னிரண்டு பணியிடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. கணக்கில் 8.33 விழுக்காடு.

அடுத்த ஆண்டே, 1929இல், சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு தேர்வாணையத்தைச் சட்டம் இயற்றி அமைத்துக்கொண்டது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதலாவது. இன்று நீங்கள் விண்ணப்பிக்கும் டிஎன்பிஎஸ்சியின் வேர் அங்கே இருக்கிறது.

ஆக, இடமும் வந்தது, தேர்வாணையமும் வந்தது. பொறியாளர்கள் வந்தார்களா? பொறியாளராக வேண்டுமென்றால் முதலில் உயர்நிலைப் பள்ளி முடித்து, இன்டர்மீடியட்டில் கணிதமும் அறிவியலும் படித்து, அதன்பிறகு கிண்டிக்குப் போக வேண்டும். நம் பிள்ளைகளுக்கோ ஊர்ப் பள்ளியிலேயே இடமில்லை. 1920க்குப் பிறகு தொழிலாளர் துறை நம் மக்களுக்கென்று தனியாகத் திறந்த "லேபர் ஸ்கூல்" பெரும்பாலும் ஆரம்பப் பள்ளிதான். அவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள். பன்னிரண்டில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நாற்காலி இருந்த அறைக்குப் போகும் படிக்கட்டை யாரும் கட்டவில்லை.

படிக்கட்டைக் கேட்டவர்

அந்தப் படிக்கட்டைப் பற்றித் தெளிவாகப் பேசியவர் அம்பேத்கர். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்த அவர், அதே ஆண்டு பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு நீண்ட குறிப்பு கொடுத்தார். வேலையில் பங்கு கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க நம் மாணவர்களுக்கு உதவித்தொகை வேண்டும் என்றார். பொதுப்பணிகளின் ஒப்பந்தங்களில் நம்மவர்களுக்குப் பங்கு எங்கே என்று கேட்டார். கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் மட்டும் போதாது, செலவு பிடிக்கும் தொழில்நுட்பக் கல்விக்குள் நம் பிள்ளைகள் போக வேண்டும் என்பது அவர் பார்வை.

1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. சென்னையின் பன்னிரண்டில் ஒன்று என்ற அதே கணக்கு. 1946இல் அது 12.5 விழுக்காடானது. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று பொறியியல் கல்லூரியில் நம் பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கும் உதவித்தொகை அதன் தொடர்ச்சிதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அம்பேத்கர் கையில் இருந்த அந்தத் துறையின்கீழ்தான் பாசனமும் மின்சாரமும் பொதுப்பணியும் இருந்தன. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கம் அவர் பொறுப்பில் இருந்த 1945இல் நிகழ்ந்தது. நீரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் பெரிய அணைத் திட்டங்களின் பின்னணியில் அரசியல் சட்ட மேதை மட்டுமல்ல, நீர்க் கொள்கை வகுத்த அம்பேத்கரும் இருக்கிறார்.

சுதந்திரம் வந்தது. 1947இல் சென்னை அரசு வகுப்புவாரி ஆணையைத் திருத்தி, பதினான்கு இடங்களில் அரிசனங்களுக்கு 2 என்று ஆக்கியது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் அந்த ஆணையை ரத்து செய்தது. சண்பகம் துரைராஜன் வழக்கு என்று எல்லோரும் மருத்துவக் கல்லூரி வழக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு, கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கேட்ட சீனிவாசன் என்ற மாணவருடையது. பொறியியல் இடம் யாருக்கு என்ற கேள்வி, குடியரசின் முதல் இடஒதுக்கீட்டுத் தீர்ப்பிலேயே இருந்தது என்று பொருள். தமிழ்நாடு கொந்தளித்தது. இரண்டே மாதத்தில், 1951 ஜூனில், முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது.

அதன்பிறகு நம் பங்கு படிப்படியாக நகர்ந்து 1971இல் 18 விழுக்காடானது. பழங்குடியினருக்கென்று 1990இல் தனியாக 1 விழுக்காடு பிரிக்கப்பட்டது. 2009இல் அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. மாநிலங்கள் அப்படி உள்ஒதுக்கீடு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக 18இலேயே நிற்கிறோம். "கோட்டா இருக்கு" என்பவரிடம் இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும்.

திண்டுக்கல்லுக்குப் பொறியியல் வந்த கதை

திண்டுக்கல் 1866இலேயே நகராட்சியான ஊர். பூட்டுக்கும் தோலுக்கும் பேர்பெற்ற ஊர். பொறியியல் கல்லூரி மட்டும் வெகுகாலம் வரவில்லை. 1952இல் காரைக்குடியில் ஒன்று, 1957இல் மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி. அவைதான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருந்தவை. 1984இல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு கதவு திறந்தபோது திண்டுக்கல்லிலும் பி.எஸ்.என்.ஏ. கல்லூரி தொடங்கியது. மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது அதற்கு அடுத்த ஆண்டு. பிறகு இன்னும் பல கல்லூரிகள் வந்தன. ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் வந்தது.

கல்லூரி வந்தால் மட்டும் போதாதே. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 2007இல் சட்டப்படி ஒழிந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு பொறியியலில் 7.5 விழுக்காடு இடம் வந்தது. இவையெல்லாம் சேர்ந்துதான் வேடசந்தூர் மில் தொழிலாளி வீட்டிலும், நிலக்கோட்டைப் பூந்தோட்டக் கூலி வீட்டிலும், பேகம்பூர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் வீட்டிலும் ஒரு பி.இ. பட்டத்தைக் கொண்டுவந்து வைத்தன. 1928இல் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. இன்று பட்டத்தோடு ஆள் இருக்கிறது. அப்படியென்றால் தடை எங்கே?

தடை இப்போது காலத்தில் இருக்கிறது. தேர்வின் அமைப்பைப் பாருங்கள். பொறியியல் பாடத்தாள் பட்டப்படிப்புத் தரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். நான்கு வருடம் படித்த அத்தனையும் வேண்டும். அதோடு பொது அறிவும் திறனறிவும் 150 மதிப்பெண். தமிழ்த் தகுதித் தாள் இன்னொரு 150. இதைத் திருத்தமாகப் படித்து முடிக்க ஒரு வருடமாவது வேண்டும். அந்த ஒரு வருடத்துச் சோற்றுக்கு யார் பொறுப்பு?

வசதியுள்ள வீட்டுப் பையன் வேலைக்குப் போகாமல் மதுரையிலோ சென்னையிலோ அறை எடுத்துப் படிக்கிறான். நம் பையன் பட்டம் வாங்கிய அடுத்த மாதமே ஏதாவதொரு கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசர். காலை எட்டு மணிக்குக் கான்கிரீட் போடும் இடத்தில் நின்றால் வீடு திரும்ப இரவு எட்டு. கடன் கட்ட வேண்டும், தங்கச்சி படிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் குறுகிய காலம். "இந்த ஒரு தடவை எழுதிக்கோ, அப்புறம் கல்யாணம்" என்று வீட்டில் கெடு வைத்துவிடுகிறார்கள். நமக்கு இந்தத் தேர்வில் வயது உச்சவரம்பு இல்லை என்பது விதியில் உள்ள சலுகை. வீட்டு அடுப்புக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

அரசு இழுத்தடிக்கும்போது இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. 2017 செப்டம்பரில் பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்குத் தேர்வு நடந்தது. மதிப்பெண் மோசடி வெளிவந்து 2018 பிப்ரவரியில் ரத்தானது. மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பரில். 2020இல் மின்வாரியம் உதவிப் பொறியாளர் பணிக்கு விளம்பரம் செய்தது. தேர்வே நடக்காமல் 2022இல் அந்த அறிவிப்பு ரத்தானது. நேர்மையாகப் படித்தவர்கள் இழந்த அந்த வருடங்களைக் கட்-ஆஃப் பட்டியல் எதுவும் காட்டாது. காத்திருக்க முடிந்தவர் அடுத்த தேர்வை எழுதினார். முடியாதவர் வளைகுடாவுக்கோ, திருப்பூருக்கோ, மீண்டும் சைட்டுக்கோ போனார். காத்திருக்க முடியாமல் போனவர்களில் எந்தச் சாதிப் பிள்ளைகள் அதிகம் இருப்பார்கள் என்பதை யூகிக்க ஆய்வு தேவையில்லை. 1893இல் கேட்ட அதே கேள்விதான் இது, வேறு உருவத்தில்.

எதற்காக இந்த நாற்காலி

சம்பளத்துக்காக மட்டும் என்றால் தனியார் கம்பெனியும் போதும். பொறியாளர் நாற்காலிக்கு வேறொரு பொருள் உண்டு.

1924 வாக்கில் இரட்டைமலை சீனிவாசனும் ஆர்.வீரையனும் சென்னை சட்டமன்றத்தில் கேட்டது என்ன? பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை. சாலை, குடிநீர், சாக்கடை: தீண்டாமை நடமாடும் இடங்கள் இவைதான். இவற்றைத்தான் உதவிப் பொறியாளர் வடிவமைக்கிறார், மதிப்பீடு போடுகிறார், அளவுப் புத்தகத்தில் கையெழுத்திடுகிறார். சாலை ஊர்த் தெருவோடு நிற்குமா, காலனி வரை போகுமா? மேல்நிலைத் தொட்டி ஒன்றா, ஊருக்கு ஒன்று காலனிக்கு ஒன்றா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டது நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில். அந்தக் குற்றத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி சாதிவாரியாக ஏன் நிற்கிறது என்பதைப் பொறியியல் கேள்வியாக யாரும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லுக்கும் இது அந்நியமல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததைப் பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இந்த மாவட்டத்தின் பெயரும் இருக்கிறது. இங்கே துப்புரவுப் பணியில் தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். மனிதரைக் கழிவகற்ற இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் மனிதர் இறங்கித்தான் அடைப்பெடுக்க முடியும் என்றபடி சாக்கடை கட்டப்பட்டால், அந்தச் சட்டம் வரைபடத்திலேயே மீறப்படுகிறது. குழிக்குள் இறங்கியவரின் பேத்தி அந்த வரைபடத்தின் முன் உட்காரும்போது வரைபடம் மாறும் வாய்ப்பு உண்டு. தானாக மாறிவிடாது, அவர் தன் தெருவை மறக்காமல் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

காலம்தான் தடை என்றால், காலத்தைப் பங்குபோட்டுக்கொள்வதுதான் நம் வேலை.

தனியாகப் படிக்காதீர்கள். ஊருக்கு ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு படிப்பு வட்டம். ஒருவர் மண் இயக்கவியல், ஒருவர் கட்டமைப்பு, ஒருவர் நீரியல் என்று பிரித்துப் படித்து, வார இறுதியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள். ஐந்து பேர் தனித்தனியாக வாங்க முடியாத புத்தகங்களை ஒரு செட்டாக வாங்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டம் இலவசம். மாவட்ட மைய நூலகம் இருக்கிறது; மதுரைக்குப் போகக்கூடியவர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தாட்கோவின் பயிற்சி அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள்.

தமிழ்த் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான், 150க்கு 60 எடுத்தால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் 60 வராவிட்டால் மற்ற தாள்கள் திருத்தப்படுவதில் பயனில்லை. அரசுப் பள்ளியில் தமிழில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது பலமான இடம்.

இனச்சுழற்சியைக் கணக்குப் பாடம்போல் கற்றுக்கொள்ளுங்கள். 200 புள்ளிகள் கொண்ட சுழற்சியில் பொதுப் போட்டிக்கு 62, பட்டியல் சாதிக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2. அந்த 62 எந்தச் சாதிக்கும் சொந்தமல்ல. மதிப்பெண் எடுத்த எவருக்கும் உரியது, நமக்கும் உரியது. போன முறை சுழற்சி எந்தப் புள்ளியில் நின்றதோ, இந்த முறை அங்கிருந்து தொடர வேண்டும். அறிவிப்பில் நம் பங்கு சரியாக வந்திருக்கிறதா, பின்னடைவுப் பணியிடங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல.

வேலைக்குப் போய்விட்ட அண்ணன் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் முதல் சம்பளத்தில் குலதெய்வத்துக்கும் கொடுங்கள், அடுத்துப் படிப்பவருக்கும் கொடுங்கள். ஊரில் ஒரு பிள்ளையின் ஆறு மாதச் சாப்பாட்டை நான்கு ஊழியர்கள் பகிர்ந்துகொண்டால், அந்தப் பிள்ளைக்கு ஆறு மாத காலம் கிடைக்கிறது. எந்த அரசாணையும் இதுவரை தராத ஒதுக்கீடு அது.

1893இல் கையெழுத்திட்ட அந்த 3412 பேரில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும், எத்தனை பேர் பிறர் உதவியோடு தம் பெயரைப் பதித்திருப்பார்கள்! தாங்கள் ஒருநாளும் எழுதப்போகாத ஒரு தேர்வுக்காக அவர்கள் அதைச் செய்தார்கள். அடுத்த முறை தேர்வு அறையில் விடைத்தாளில் உங்கள் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்போது, அவர்களையும் ஒரு நொடி நினைத்துக்கொண்டு போடுங்கள்.

ஜெய்பீம்!